மீட்டர் ஆடுது, சத்தம் வரலை: மல்டிடிராக் ரெக்கார்டரில் கோளாறு தேடும் வழி

தைப்பூசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் கைப்பேசி ராத்திரியில் அடங்காது. உறுமி மேளக் குழு, பஜனைக் குழு, வீட்டு ஹாலில் வீணையும் மிருதங்கமும் பதிய உட்கார்ந்த அப்பா மகள், இப்படி யாராவது ஒருவர். பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்: “அண்ணே, மெஷின் போச்சு.” கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில், ஒவ்வொரு மைக்கையும் தனி டிராக்காகப் பதியும் எட்டு சேனல் ரெக்கார்டரை வைத்துப் பல வருடமாகப் பதிவு செய்கிறேன். மெஷின் அவ்வளவு சீக்கிரம் போகாது. போனது பெரும்பாலும் அதற்கு முன்னால் எங்கோ இருக்கும்.

கம்பெனிக்குக் கம்பெனி பொத்தான் இருக்கும் இடம்தான் மாறும். உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியை மட்டும் தேடிப் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கோளாறு ஃபைலிலா, காதிலா?

ரெக்கார்டருக்குள் நுழையும் சத்தம் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒன்று மெமரி கார்டுக்குப் போகிறது, மற்றது ஹெட்போனுக்கு. பெரும்பாலான ரெக்கார்டர்களில், உள்ளே வரும் சத்தத்தின் அளவை வைக்கும் கெய்ன் திருகு இந்தப் பிரிவுக்கு முன்னாலேயே இருக்கிறது. கேட்கும் அளவை ஏற்றி இறக்கும் ஃபேடர், இடம் வலம் பிரிக்கும் பேன், எதிரொலி சேர்க்கும் ரிவர்ப், ஒரு சேனலை மட்டும் கேட்கவைக்கும் சோலோ எல்லாம் இரண்டாவது வழியில். அதனால் கோளாறு வந்ததும் பத்து விநாடி பதியுங்கள், நிறுத்துங்கள், கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டு அந்த ஒரு டிராக்கை மட்டும் கேளுங்கள். ஃபைலிலும் கோளாறு இருந்தால் வாத்தியம், மைக், கேபிள், கெய்ன், கார்டு என்று முன்பக்கம் தேட வேண்டும். ஃபைல் சுத்தமாக இருந்தால் முன்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

இந்தப் பத்து விநாடியை மிச்சம் பிடிக்கப் பார்த்து ஓர் இரவு முழுக்க நான் கேபிள் மாற்றியிருக்கிறேன். ஏழு கேபிள், மூன்று மைக். கடைசியில் பார்த்தால் என் ஹெட்போன் ஒயர் நாற்காலிச் சக்கரத்தில் நசுங்கியிருந்தது. பதிவு முதல் நொடியிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது.

இன்னொரு பழக்கம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வேலை செய்யும் சேனலின் கேபிளை வேலை செய்யாத சேனலில் செருகுங்கள். கோளாறு கேபிளோடு நகர்ந்தால் கேபிள், சேனலிலேயே தங்கினால் சேனல். மைக்கையும் கேபிளையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் எது கெட்டது என்று தெரியாது. கெட்டது மறுபடி பைக்குள் போய் அடுத்த வாரம் வெளியே வரும்.

“மீட்டரே ஆடலை”

மைக் எந்த வகை என்று பாருங்கள். ஷூர் எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக்குக்கு மின்சாரம் தேவையில்லை. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேண்டம் பவர் வேண்டும். சில ரெக்கார்டர்களில் அது எல்லாச் சேனலுக்கும் வராது. சிலவற்றில் நாலு சேனலுக்கு ஒரே பொத்தான். அதைவிட அடிக்கடி நான் பார்ப்பது வேறு. ரெக்கார்டரின் பின்னால் உள்ள ஓட்டை ஒன்றுதான், அதில் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பிளக்கும் போகும், நடுவில் கித்தார் பிளக்கும் போகும். 48 வோல்ட் முள் வழியாகத்தான் வரும். ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் கித்தார் பிளக் என்று இருக்கும் கேபிளில் கண்டென்சர் மைக்கை மாட்டினால் அது செத்துத்தான் கிடக்கும்.

வயலின், கித்தார் பிக்கப் (வாத்தியத்தின் அதிர்வை மின்சாரமாக்கும் சின்னக் கருவி) என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். கேபிளைச் செருகிய உடனே அந்த பேட்டரி ஓடத் தொடங்கும் மாதிரிதான் பல கித்தார்கள் செய்யப்பட்டிருக்கின்றன. இரவு கேபிளைக் கழற்றாமல் தூங்கினால் காலையில் பேட்டரி காலி.

இதெல்லாம் சரி என்றால் அந்தச் சேனல் எங்கிருந்து சத்தம் எடுக்கிறது என்று மெனுவில் பாருங்கள். ரெக்கார்டரோடு வரும் உள்மைக்கோ யுஎஸ்பியோ தேர்வாகியிருந்தால், பின்னால் நீங்கள் செருகிய கேபிளை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

“மீட்டர் ஆடுது, காதுல வரலை”

வேறு ஏதோ ஒரு சேனலில் சோலோ அழுத்தியிருக்கும். இல்லையென்றால் மியூட். அதுவும் இல்லையென்றால் ஃபேடர் கீழே.

விசித்திரமான ஒன்று உண்டு: பாட்டு மட்டும் காணாமல் போய், ஓரங்களில் உள்ள வாத்தியமும் எதிரொலியும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஹெட்போன் பிளக் முழுதாக இறங்காமல் அதன் எர்த் தொடாமல் நிற்கிறது. கைப்பேசிக்கான மைக் வைத்த இயர்போனைச் செருகினாலும் சில சமயம் இப்படி வரும். இரண்டு காதிலும் சமமாக இருக்கிற சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் நடுவில் இருப்பதால் அவர் தலைதான் முதலில் உருளும்.

“நல்லா வாசிச்சோம், டிராக்குல ஒண்ணுமில்லை”

மீட்டர் ஆடுவதும் பதிவாவதும் ஒன்றல்ல. ஒவ்வொரு டிராக்கிலும் பதிவுப் பொத்தானை அழுத்திச் சிவப்பு விளக்கை எரியவிட வேண்டும். சில மெஷினில் விளக்கு மினுக்கினால் தயார் என்று பொருள், நிலையாக எரிந்தால்தான் பதிகிறது.

ஒரு தவில் பெரியவர். அவருடைய டிராக்கில் மட்டும் விளக்கு எரியாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இருபது நிமிடம் வாசித்து முடித்துக் “கேக்கலாமா தம்பி” என்றார். போட்டேன். நாதஸ்வரம் வருகிறது, தாளம் வருகிறது, தவில் எங்கோ தூரத்தில் நாதஸ்வர மைக்கில் ஒழுகியது மட்டும். அவர் திட்டவில்லை. விரல்களிலிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வேட்டி மடியில் வரிசையாக வைத்துவிட்டு, “டீ சொல்லு” என்றார். அன்றிலிருந்து பதிவு தொடங்கியதும் சிவப்பு விளக்குகளை விரலால் தொட்டு வாய்விட்டு எண்ணுகிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

“சத்தம் உடையுது, கரகரங்குது”

நம் வாத்தியங்களோடு ரெக்கார்டர் சண்டை போடும் முக்கியமான இடம் இது. கித்தாருக்கும் பாட்டுக்கும் எழுதப்பட்ட கையேட்டை வைத்துத் தவிலுக்கு லெவல் வைத்தால் உடையத்தான் செய்யும். வலது தோலான வலந்தலையில் கூடு மாட்டிய விரல், இடது தோலான தொப்பியில் கழி. ஒவ்வொரு அடியும் ஊசி மாதிரி எழும்பி ஒரு நொடிக்குள் விழுந்துவிடும். மீட்டர் அந்த உச்சியைக் காட்டுவதற்குள் அது முடிந்துவிடும்.

டிஜிட்டலில் பூஜ்யத்துக்கு மேல் இடமில்லை. உச்சி பூஜ்யத்தில் முட்டினால் அலை தட்டையாக வெட்டப்படுகிறது. வெட்டியது வெட்டியதுதான். ஃபேடரை இறக்கினால் உடைந்த சத்தம் சின்னதாக உடைந்து கேட்கும், அவ்வளவே. கெய்னைத்தான் இறக்க வேண்டும், அதுவும் பதிவுக்கு முன்னால்.

லெவல் வைப்பதில் நான் செய்வது இது. வாசிப்பவரிடம் “கொஞ்சம் வாசிங்க” என்று சொல்வதில்லை. சொன்னால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். “தனி ஆவர்த்தனத்தோட கடைசிக் கோர்வையை வாசிங்கண்ணே” என்று கேட்பேன். அப்போதுதான் கை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். அந்தக் கோர்வையின் உச்சி மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கெய்னை வைத்துவிட்டால், உணர்ச்சி வசப்பட்டு இன்னும் ஓங்கி அடித்தாலும் தாங்கும். “மீட்டர் பாதிகூட ஏறலையே” என்று பயப்பட வேண்டாம். 24 பிட் பதிவில் கணக்குப்படி 144 டெசிபல் வீச்சு உண்டு, 16 பிட்டில் 96. பச்சை விளக்கிலேயே ஓடினாலும் 24 பிட்டில் இழப்பு ஒன்றும் தெரியாது, பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். மெனுவில் 16 என்று இருந்தால் முதல் வேலையாக 24க்கு மாற்றுங்கள்.

மீட்டர் மைனஸ் 20இலேயே நிற்கிறது, ஆனாலும் உடைகிறது என்றால் உடைவது மெஷினுக்கு முன்னால். கீபோர்டை மைக் சேனலில் செருகியிருக்கலாம். லைன் சேனலுக்கு மாற்றுங்கள், அல்லது சத்தத்தைக் குறைத்து உள்ளே விடும் பேட் பொத்தானை அழுத்துங்கள். பிக்கப் பேட்டரி தீரும் நிலையிலும் இப்படித்தான் கரகரக்கும். மைக் தவிலின் தோலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றால் மைக்கே திணறலாம். அரை மீட்டர் தள்ளி வையுங்கள். தவில் நாதமும் அந்தத் தூரத்தில்தான் ஒன்றுசேர்ந்து வருகிறது. கிட்டே வைத்தால் தோல் மட்டும் கேட்கும், கட்டை கேட்காது.

“தவில் அடிக்கிறப்பெல்லாம் பாட்டு அமுங்குது”

ஆட்டோ லெவலோ லிமிட்டரோ ஆன் ஆகியிருக்கிறது. பெரிய சத்தம் வரும்போது மெஷின் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கி, பிறகு மெதுவாக விடுகிறது. அணைத்துவிட்டு, மேலே சொன்னபடி கெய்னைக் கையால் வையுங்கள்.

“ம்ம்ம்ம்னு ஒரு உறுமல்”

மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் உறுமல் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் உட்காரும். ஐந்து கட்டை சுருதி இரண்டு ஸ்தாயி கீழே 49 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அதாவது ஐந்து கட்டையில் பாடும் அம்மாவுக்கு இந்த உறுமல், ஷட்ஜத்தைவிட அரைச் சுரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஏறிய இன்னொரு தம்பூராவாகக் கேட்கும். ஒரு கட்டையில் பாடும் அண்ணனுக்குப் பஞ்சமம் பிசகியதுபோல் இருக்கும். “சுருதிப் பெட்டி சரியில்லை” என்று யாராவது சொன்னால் பெட்டியைத் திருகுவதற்கு முன் உறுமலைத் தேடுங்கள்.

தேடும் முறை: ரெக்கார்டரின் அடாப்டரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் அது எர்த் சுற்று. கீபோர்டு ஒரு சுவர் பிளக்கில், ரெக்கார்டர் இன்னொரு சுவர் பிளக்கில், நடுவில் கேபிள். இரண்டு எர்த்துக்கும் இடையே ஒரு வளையம் உருவாகி அதில் மின்சாரம் சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டிப் பாருங்கள். அதிலும் நிற்கவில்லை என்றால் கீபோர்டுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவே ஒரு டிஐ பெட்டி (உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சின்ன இணைப்புப் பெட்டி) வைத்து, அதன் எர்த் துண்டிக்கும் சுவிட்சைத் தட்டுங்கள். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர்கள் புடுவில் ஜாலான் பசார் பக்கம் போனால் டிரான்ஸ்ஃபார்மரும் சாக்கெட்டும் வாங்கி அந்தப் பெட்டியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினால் உறுமல் நிற்கும் என்று சொல்லித்தர எப்போதும் ஒரு ஆள் இருப்பார். நிற்கும், உண்மைதான். ஆம்ப்ளிஃபயரில் பழுது வந்த அன்று 230 வோல்ட் வீணைக் கம்பி வழியாக வாசிப்பவர் விரலுக்கு வரவும் அதே காரணம் வழி விடும். எர்த் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி இரண்டு முள் பிளக்கை நுழைக்கும் நம் ஊர் வித்தையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பேட்டரியில் ஓட்டியும் உறுமல் நிற்கவில்லையா? மைக் கேபிளை மின்சார ஒயரோடு சேர்த்துக் கட்டியிருப்பீர்கள். பிரித்துப் போடுங்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். மங்கலாக்கும் சுவிட்ச் உள்ள விளக்கு, கைப்பேசி சார்ஜர் இரண்டையும் அணைத்துப் பாருங்கள். விட்டுவிட்டு டிரிக் டிரிக் என்றால் யாரோ ஒருவர் பாக்கெட்டில் கைப்பேசி.

“வீணை தகர டப்பா மாதிரி இருக்கு”

ஒட்டும் பிக்கப்பை நேராக லைன் சேனலில் செருகியிருக்கிறீர்கள். அந்தச் சின்ன வில்லை மிகவும் மெல்லிய மின்சாரம் தருவது; அதை வாங்கும் சேனல் பத்து லட்சம் ஓம் அளவுக்கு எதிர்ப்புக் காட்டாவிட்டால் கீழ் ஸ்தாயி முழுக்கக் கரைந்துவிடும். ஹை-இசட் என்ற சுவிட்ச் எந்தச் சேனலில் இருக்கிறது என்று பார்த்து அதில் மாட்டுங்கள். பல மெஷினில் ஒன்றிரண்டு சேனலுக்குத்தான் அது உண்டு, ஆகவே வீணையும் கித்தாரும் சேர்ந்து வந்தால் முன்பே பங்கு பிரித்துவிடுங்கள். என்னைக் கேட்டால் வீணைக்கு பிக்கப்பே வேண்டாம். குடத்துக்கு எதிரே ஒரு கண்டென்சர் மைக் வைத்தால் மீட்டின் ஈரம் வரும்.

“உறுமி உறுமலை”

இடந்தலையில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழும் அந்தக் கீழ் முனகல் இல்லாவிட்டால் உறுமி வெறும் டக்கடக்கதான். கீழ்ச் சத்தத்தை வெட்டும் லோ கட் பொத்தான் மைக்கிலோ ரெக்கார்டரிலோ அழுந்தியிருக்கிறது. பேச்சுப் பதிவுக்கு யாரோ போட்டது. எடுத்துவிடுங்கள். இரண்டு தலைக்கும் ஒரே மைக் என்றால் அடிக்கும் பக்கத்தை விட்டுத் தேய்க்கும் பக்கம் சாய்த்து வையுங்கள். அடி தானாக வந்துசேரும், முனகலைத்தான் போய் அழைத்து வர வேண்டும்.

“தனித்தனியா நல்லாருக்கு, சேர்த்தா மெலிஞ்சு போகுது”

கேட்பதற்கு மாயம் போல இருக்கும். மிருதங்கத்துக்கு இரண்டு மைக்: ஒன்று வலந்தலைக்கு, ஒன்று தொப்பிக்கு. தொப்பி டிராக்கை மட்டும் கேட்டால் கும்மென்று இருக்கும். வலந்தலை டிராக்கையும் ஏற்றினால் கும்கி என்ற அந்தக் கீழ் நாதம் பாதியாகிவிடும். இரண்டு சேர்ந்தால் அதிகமாகத்தானே வேண்டும்?

தொப்பியில் அடித்தால் அந்தத் தோல் உள்ளே போகிறது, மைக்கை விட்டு விலகி. உள்ளே அடைபட்ட காற்று வலந்தலைத் தோலை வெளியே தள்ளுகிறது, எதிரே நிற்கும் மைக்கை நோக்கி. ஒரு மைக் இழுக்கும் நேரத்தில் மற்றது தள்ளுகிறது, கூட்டினால் கழிகிறது. ஏதாவது ஒரு டிராக்கில் போலாரிட்டியை, அதாவது அலையை மேல் கீழாக, புரட்டுங்கள். வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறி இருக்கும். ரெக்கார்டரில் இல்லாவிட்டால் கணினியில் எந்த எடிட்டரிலும் இருக்கும். புரட்டியபின் எது தடிமனாக ஒலிக்கிறதோ அதுவே சரி. புத்தகத்தைப் பார்க்க வேண்டாம், காதை நம்புங்கள். தவில், உறுமி என்று இரண்டு தலை உள்ள எதற்கும் இதே கதைதான்.

புரட்டியும் தீரவில்லை என்றால் தூரம் காரணம். கோலாலம்பூர் வெக்கையில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 35 சென்டிமீட்டர் போகும். கடத்துக்கு அருகே ஒரு மைக், அதைவிட 70 சென்டிமீட்டர் தள்ளிப் பாடகர் மைக் என்றால் கடத்தின் சத்தம் இரண்டாவதில் 2 மில்லிசெகண்ட் தாமதமாக நுழைகிறது. இரண்டையும் கூட்டினால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். கடத்தின் வயிறு இருப்பதே அங்கேதான். பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது: வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் ஒரு பங்கு தூரம் என்றால், அந்த மைக்குக்கும் பக்கத்து மைக்குக்கும் குறைந்தது மூன்று பங்கு. சின்ன அறையில் முழுதாக நடக்காது, ஆனால் அந்தப் பக்கம் நகர்த்த நகர்த்தப் பள்ளம் ஆழம் குறையும்.

“எல்லா மைக்கிலும் எல்லாரும் இருக்காங்க”

இருக்கத்தான் செய்வார்கள். ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கும் சங்கீதத்தில் ஒழுகலைப் பூஜ்யமாக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம். குறைத்தால் போதும். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். பாடகர் மைக்கின் முதுகு மிருதங்கத்தைப் பார்க்கட்டும். சூப்பர்கார்டியாய்டு என்றால் மந்தமான இடம் நேர் பின்னால் இல்லை, முன்பக்கத்திலிருந்து சுமார் 125 டிகிரி திரும்பிய இரு ஓரங்களிலும் இருக்கிறது. பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். மின்சாரச் சுருதிப் பெட்டியை ஸ்பீக்கரில் விடாமல் ஒரு சேனலில் நேராகச் செருகி ஹெட்போனில் கொடுங்கள். பாதி ஒழுகல் அதனோடு போய்விடும்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பதிந்துவிடலாமே என்று கேட்கிறார்கள். பஜனைக்கும் சினிமாப் பாட்டுக்கும் சரி. கச்சேரிக்கு நான் ஒத்துக்கொள்வதில்லை. பாடகர் அனுபல்லவியில் ஒரு சங்கதியை இழுக்கும்போது மிருதங்கக்காரர் புருவத்தைப் பார்த்து நிறுத்துகிறாரே, அது ஹெட்போனில் வராது.

“மேல பதிஞ்சா தாளம் தள்ளிப் போகுது”

முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்த டிராக்கைப் பதியும்போது வரும் கோளாறு இது. முதலில் ஹெட்போனைப் பாருங்கள். புளூடூத் என்றால் அங்கேயே முடிந்தது. சாதாரண புளூடூத் ஹெட்போனில் 200 மில்லிசெகண்ட் தாமதம் வருவது சகஜம். நிமிடத்துக்கு 75 அட்சரம் என்ற நடையில் தகதிமியின் ஒரு சொல்லுக்கு நீளமே 200 மில்லிசெகண்ட். வாசிப்பவர் சரியாகத்தான் வாசிக்கிறார், ‘க’ விழ வேண்டிய இடத்தில் ‘த’வைக் கேட்டுக்கொண்டு. ஒயர் உள்ள ஹெட்போன் போடுங்கள்.

ஒயர் போட்டும் தள்ளிப்போனால், ரெக்கார்டர் கணினியோடு இணைந்து ஓடுகிறதா என்று பாருங்கள். சத்தம் கணினிக்குப் போய்த் திரும்பி வரும் சுற்றில் நேரம் கழிகிறது. சத்தத்தைக் கணினிக்கு அனுப்பாமல் ரெக்கார்டரிலிருந்தே காதுக்குத் தரும் நேரடி மானிட்டரை ஆன் செய்தால் தீரும்.

“பாட்டு சுருதி ஏறிப்போச்சு”

ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது, வேகமாகவும் ஓடுகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை சத்தத்தை அளக்கிறது என்ற கணக்கு) பதிந்த ஃபைலை 48 என்று நினைத்து ஏதோ ஒன்று ஓட்டுகிறது. நேரத்தைப் பார்த்தால் உறுதியாகும்: பத்து நிமிடப் பாட்டு 9 நிமிடம் 11 விநாடியில் முடியும். எதிர்ப்பக்கம் என்றால் 10 நிமிடம் 53 விநாடி ஆகி, எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் வாசித்ததுபோல் இருக்கும். ஃபைல் கெடவில்லை. கணினியில் புராஜெக்ட்டின் சாம்பிள் ரேட்டை ஃபைலுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

இதற்கு உறவுக்காரக் கோளாறு ஒன்று உண்டு. சேனல் போதாமல் இரண்டு ரெக்கார்டரைத் தனித்தனியாக ஓட்டுவது. தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்தும், முடிவில் நாதஸ்வரமும் தவிலும் இரண்டு தெருவில் நடக்கும். இரண்டு மெஷினின் கடிகாரமும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் விலகிவிடும். பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு கைத்தட்டு பதிந்தால் சமாளிக்கலாம்.

“நடுவுல நின்னு போச்சு”

கணக்கைப் போட்டுவிடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். எட்டு டிராக்குக்கு 69. ஒரு மணி நேரத்துக்கு நாலு ஜிகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். 32 ஜிகாபைட் கார்டில் ஏழரை மணி நேரம் வரும். ஆக, இடம் தீர்ந்து நிற்பது அபூர்வம். கார்டு மெதுவாக இருப்பதுதான் வழக்கமான காரணம். கிளாஸ் 10 வாங்கி, கணினியில் அல்லாமல் ரெக்கார்டருக்குள்ளேயே ஃபார்மேட் செய்யுங்கள். பாட்டு, படம் என்று மற்ற சாமான்களை அதில் ஏற்றாதீர்கள். மலிவாக வந்த கார்டு மேலே போட்ட அளவு உள்ளே இல்லாத போலியாகவும் இருக்கலாம். முழுக் கார்டையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. புதுக் கார்டை அதில் ஒரு முறை ஓட்டிவிட்டுத்தான் கோயிலுக்கு எடுத்துப்போவேன்.

பவர் பேங்கில் ஓட்டுகிறவர்களுக்கு: ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் குறைவாக இருந்தால் சில பவர் பேங்குகள் வேலை முடிந்தது என்று தாமாகவே அணைந்துவிடும். நேரெதிராக, நாலு கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் போட்டால் ரெக்கார்டரின் உள் பேட்டரி சடசடவென்று இறங்கும்.

ஒரு சாயங்காலம், தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் பஜனை. வெளியே இடி. நாற்பதாவது நிமிடத்தில் ஒரு வெளிச்சம், அப்புறம் டப் என்று மெயின் சுவிட்ச் விழுந்தது. இருட்டில் ஆர்மோனியம் மட்டும் இன்னும் இரண்டு வரி ஓடியது. என் ரெக்கார்டர் அடாப்டரை மட்டும் நம்பி இருந்தது, உள்ளே பேட்டரி போடவில்லை. மின்சாரம் வந்தபின் பார்த்தால் எட்டு ஃபைலும் பூஜ்யம் பைட் காட்டின. நிறுத்து என்ற பொத்தானை அழுத்தும்போதுதான் மெஷின் ஃபைலின் தலைப்பில் அதன் நீளத்தை எழுதி மூடுகிறது. மூடாத ஃபைல் காலி என்று தெரிந்தாலும் சத்தம் கார்டில் கிடக்கும். அந்த நேரத்தில் செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: அதே கார்டில் மறுபடி பதிவது. கார்டை எடுத்துப் பையில் போட்டேன், வேறு கார்டில் மீதியைப் பதிந்தேன். வீட்டில் மீட்பு மென்பொருளை ஓட்டிக் கிடைத்த தலைப்பில்லாத துண்டுகளை, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்று நானே சொல்லி எடிட்டரில் திறந்தேன். ஆறு டிராக் முழுதாக வந்தது. ஏழாவதில் பாதி. எட்டாவது டோலக், வரவே இல்லை. இப்போது அடாப்டர் இருந்தாலும் உள்ளே புது பேட்டரி இல்லாமல் தொடங்குவதில்லை, பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி மறுபடி அழுத்துகிறேன்.

“படபடன்னு ஒரு பொரியல் சத்தம்”

கண்டென்சர் மைக்கில், அதுவும் ஏர்கோன் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த அரை மணி நேரத்தில் வந்தால், உள்ளே ஈரம் கோத்திருக்கிறது. குளிர்ந்த மைக்கின் மேல் நம் ஊர்க் காற்று பட்டால் கண்ணாடிக் குவளை வியர்ப்பதுபோல் அதுவும் வியர்க்கும். 48 வோல்ட்டை அணைத்து, அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுங்கள். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பிஸ்கட் டப்பா போதும்.

தோலுக்கும் இதே பாடு. ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஏர்கோனில் காய்ந்து ஏறும். முதல் பாட்டில் சேர்ந்த மிருதங்கம் மூன்றாவதில் விலகினால் அது ரெக்கார்டரின் வேலை இல்லை. அறையில் அரை மணி நேரம் வாத்தியத்தை வைத்துவிட்டுச் சுருதி சேருங்கள்.

பொரியல் சத்தம் எல்லா டிராக்கிலும் ஒரே சமயத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூடினால் மைக்கைத் தொடாதீர்கள். தகரக் கூரையில் மழை. கோலாலம்பூரில் பிற்பகல் பதிவு என்பது வானத்தோடு போடும் பந்தயம். நான் காலை எட்டரைக்கு வரச் சொல்லிவிடுவேன். பக்கத்துச் சூராவில் (சின்னத் தொழுகைக்கூடம்) பாங்கு சொல்லும் நேரத்தை அட்டவணையில் குறித்து வைத்தால் அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாரும் டீ குடித்துவிடலாம்.

“எது எந்த டிராக்குன்னே தெரியலை”

வேவ் ஃபைல் எட்டு, பெயர் எல்லாம் எண். எது இரண்டாவது மிருதங்க மைக், எது கஞ்சிரா? பதிவு தொடங்கியதும் ஒவ்வொரு மைக்கிடமும் போய் வாத்தியம், சேனல் எண், தேதி என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். பழைய கார்டு ஒன்றைப் போன வாரம் திறந்தேன். என் குரல்: “மூணாவது சேனல், தொப்பி.” பின்னால் அதே தவில் பெரியவர்: “விளக்கு எரியுதான்னு பாத்தியா?”